தறி ஊரில் ஓவிய வகுப்பு: ஆரணிக் குழந்தைகளுக்கு டிசைன் சொல்லித் தந்தால் அது குலக்கல்வியா?

மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "உனக்குப் பிடிச்சதை வரை" என்று சொன்னால் என்ன வரும்? இரண்டு முக்கோண மலை. நடுவில் பாதி சூரியன். மலை இடுக்கிலிருந்து இறங்கி வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னைமரம், வானத்தில் நாலு காக்கா. மலையே கண்ணில் படாத நாகப்பட்டினத்திலும் மலைதான் வரும். அப்பா வரைந்ததும் இதுதான், அத்தை வரைந்ததும் இதுதான்.

ஆரணியிலும் இதே படம்தான் வரும் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வேலூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தெற்கே, கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. அரிசிக்கும் பட்டுக்கும் பேர் போன ஊர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. காஞ்சிபுரம் சேலையைவிட எடை குறைவு, விலையும் கைக்கு எட்டும் என்பதால் கல்யாண ஜவுளி வாங்குபவர்களுக்குத் தெரிந்த பெயர். நகரத்தைச் சுற்றி தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு என்று தறி ஓடும் கிராமங்கள். இங்கே ஒரு நெசவாளர் வீட்டுக் குழந்தை நடக்கப் பழகுவதே குழித்தறியைச் சுற்றித்தான். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து மாலை மாதிரி தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகள், பாவில் ஏறிக்கொண்டிருக்கும் மாங்காயும் அன்னமும் ருத்ராட்சமும். ஐந்து வயதுக்குள் அந்தக் கண் பார்த்த வடிவங்களையும் நிறங்களையும் சென்னையில் ஓவிய வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டும் குழந்தைகூட அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்காது.

அந்தக் குழந்தை பள்ளிக்கு வந்ததும் இரண்டு மலை வரைகிறது. வீட்டில் பார்த்தது எதுவும் 'டிராயிங்' இல்லை என்று அதற்கு யாரோ, வாய் திறந்து சொல்லாமலே, சொல்லிவிட்டார்கள்.

அப்படியானால் தீர்வு சுலபம்தானே? ஆரணி வட்டாரத் தொடக்கப் பள்ளிகளில் ஓவியமும் டிசைனும் சொல்லிக்கொடுக்கலாம், அதைத் தறியிலிருந்தே தொடங்கலாம். கேட்க நன்றாக இருக்கும் இந்த யோசனை தமிழ்நாட்டில் வாயைத் திறந்த உடனே ஒரு சொல்லில் போய் முட்டும். குலக்கல்வி. அந்தச் சொல்லைத் தட்டிக்கழித்துவிட்டுப் போக முடியாது. போகவும் கூடாது.

சொல்லித் தர யார் இருக்கிறார்கள்?

முதலில் நிலவரம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 மாணவர்களுக்கு மேல் இருந்தால் கலைக்கும் உடற்கல்விக்கும் தொழிற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர்கள் வேண்டும் என்கிறது. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு அப்படி ஒரு வரி கிடையாது. 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டம் கேட்பது இரண்டு ஆசிரியர்களை. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் அவர்கள் தலையில். இதில் ஓவியம் எங்கே வரும்? வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் வரும், அதுவும் சோதனைத் தாள் திருத்தும் வேலை இல்லாமலிருந்தால்.

தமிழக அரசு 2012இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமித்தது. ஓவியம், தையல், இசை, உடற்கல்வி, கணினி எல்லாம் அதில் அடக்கம். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. ஊதியம் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்த போராட்டங்களை செய்தி பார்ப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அவர்களும் 6 முதல் 8 வகுப்புகளுக்குத்தான்.

தொடக்கப் பள்ளி முழுக்க வறட்சி என்றும் சொல்ல முடியாது. 1, 2 வகுப்புகளுக்கு கிரேயான், 3 முதல் 5 வரை கலர் பென்சில் என்று அரசின் விலையில்லாப் பொருள்கள் போகின்றன. 'எண்ணும் எழுத்தும்' வந்த பிறகு வகுப்பறையில் பாட்டும் கதையும் கைவேலையும் கூடியிருக்கின்றன. 2022-23இல் 6 முதல் 12 வகுப்புகளுக்காகத் தொடங்கிய கலைத் திருவிழா, 2024-25இல் ஒன்றாம் வகுப்பு வரை இறங்கி வந்தது. ஆனால் திருவிழா என்பது போட்டி. ஒரு பள்ளியில் நன்றாக வரையும் இரண்டு குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புவதும், மீதி ஐம்பது குழந்தைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுப்பதும் வேறு வேறு வேலை. முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்துவிட்டதாக ஒரு நினைப்பு வந்துவிடுகிறது, அதுதான் வம்பு.

கிரேயான் வந்தாலும் பெரும்பாலும் அது அச்சடித்த யானைக்குள் கோடு தாண்டாமல் சாம்பல் பூசத்தான் பயன்படுகிறது. யானையை வரைந்தவர் யாரோ. குழந்தை அதற்குக் கூலிக்குப் பெயின்ட் அடிக்கிறது.

1953 ஏன் இன்னும் வலிக்கிறது?

இனி அந்தச் சொல். 1953இல் சென்னை மாகாண முதல்வராக இருந்த ராஜாஜி ஒரு திருத்தப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமப் பள்ளிகளில் பாட நேரம் பாதியாகும். மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம். பள்ளி போதாத, ஆசிரியர் போதாத காலத்தில் ஷிப்ட் முறையில் இரண்டு மடங்கு குழந்தைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். பெரியாரும் திராவிட இயக்கமும் அதற்கு வைத்த பெயர் 'குலக்கல்வித் திட்டம்'. சலவைத் தொழிலாளி மகன் மறுபடி வெளுக்கத்தான் போக வேண்டுமா, வக்கீல் மகன் பாதி நாள் எங்கே போவான் என்ற கேள்விக்கு அரசிடம் பதில் இல்லை. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அரசு மே மாதத்திலேயே திட்டத்தைக் கைவிட்டது.

எழுபது ஆண்டாகியும் அந்தக் காயம் ஆறவில்லை, ஆறாததற்குக் காரணமும் உண்டு. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையில் ஆறாம் வகுப்பிலிருந்தே தொழிற்கல்வி என்றபோது தமிழ்நாட்டில் எழுந்த முதல் குரல் இதுதான். மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை 2024 நவம்பரில் தமிழக அரசு ஏற்க மறுத்தபோதும் இதே வாதம்தான்: குடும்பத் தொழிலைத் தகுதியாக வைக்கக் கூடாது, 18 வயதுப் பிள்ளை கல்லூரிக்குப் போகட்டும். மாற்றாகக் கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டத்தில் குறைந்தபட்ச வயதை 35 என்று வைத்ததன் பின்னணியும் அதுவே.

பட்டு ஊர்களுக்கு இதற்கு மேலும் ஒரு காரணம் இருக்கிறது. கோர்வை போட்டு நெய்யும் சேலைக்கு, அதாவது கரை ஒரு நிறம் உடல் ஒரு நிறம் என்று தனித்தனி நாடா ஓடும் சேலைக்கு, நெசவாளர் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். பல காலம் அந்தக் கை ஒரு குழந்தையுடையதாக இருந்தது. சொந்தப் பிள்ளையாக இருக்கலாம், அடுத்த வீட்டுக் கடனுக்கு ஈடாக வந்த பிள்ளையாகவும் இருக்கலாம். காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் விரிவான அறிக்கை வெளியிட்டது. அதே காலத்தில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இந்திய, அமெரிக்க அரசுகளின் நிதியில் நடத்திய 'இண்டஸ்' குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் தேர்வான ஐந்து மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. ஆரணி இருக்கும் மாவட்டம் அதுதான்.

தறிக்குழியிலிருந்து குழந்தையைத் தூக்கிப் பள்ளி பெஞ்சில் உட்கார வைக்க இவ்வளவு பாடுபட்ட பிறகு, அதே பள்ளியில் "வா, தறியைப் பற்றிப் படிக்கலாம்" என்றால் ஒரு நெசவாளத் தாய்க்குச் சந்தேகம் வராதா? "படிக்கிற புள்ளைய ஏன் திரும்பத் தறிக்கே இழுத்துகினு போறீங்க?" என்று அவர் கேட்டால் அது அறியாமை இல்லை. இந்தத் துறையில் இருப்பவர்கள் குறைந்துகொண்டே வருவது அவருக்குக் கணக்கெடுப்பு பார்க்காமலே தெரியும். பார்க்க விரும்புபவர்களுக்கு: 2009-10 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 43.31 லட்சம் பேர், 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சம் பேர்.

நெய்வது வேறு, டிசைன் வேறு

இந்தச் சந்தேகத்துக்குப் பதில் தறியின் உள்ளேயே இருக்கிறது. ஒரு சேலையில் மாங்காய் புட்டா எப்படி வருகிறது?

முதலில் யாரோ ஒருவர் மாங்காயை வரைகிறார். அந்தப் படம் கிராஃப் தாளுக்கு மாறுகிறது. ஒவ்வொரு சின்னக் கட்டமும் பாவு இழையும் ஊடை இழையும் சந்திக்கும் ஓர் இடம். கட்டத்தில் மை இருந்தால் ஒன்று மேலே, இல்லாவிட்டால் மற்றது மேலே. கிராஃபில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை. மை உள்ள கட்டத்துக்கு நேராக அட்டையில் ஓட்டை. அட்டையை ஜக்கார்டு பெட்டியில் ஏற்றினால் ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழைந்து இழையைத் தூக்கும், ஜரிகை அதன் கீழே ஓடும். கடைசியில் துணியில் மாங்காய். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்ட் உருவாக்கிய இந்த அட்டை முறையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்குக் கடன் வாங்கினார். ஐடி வேலையில் இருப்பவர்கள் கேள்விப்பட்ட கதைதான். போன் திரையில் தெரியும் எழுத்தும் இதே கட்ட விளையாட்டு.

இந்த வரிசையில் எங்கே முடிவு எடுக்கப்படுகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். எந்த உருவம், எவ்வளவு பெரியது, எத்தனை இழை இடைவெளி, எந்த நிறத்தின் மேல் எந்த நிறம். இதெல்லாம் கிராஃப் தாளில் முடிந்துபோகிறது. தறியில் உட்காருபவருக்குப் பெரும்பாலும் முடிந்த டிசைனும் பாவும் கையில் வரும். சேலைக்கு இவ்வளவு கூலி என்று கணக்கு. சொந்தமாக டிசைன் போடும் நெசவாளர்களும் இருக்கிறார்கள், ஆனால் பொதுவாக வரைகிற கை வேறு, நெய்கிற கை வேறு.

1953 திட்டம் குழந்தைக்குக் கொடுக்க நினைத்தது இரண்டாவது கையை. ஓவிய வகுப்பு கொடுக்க வேண்டியது முதலாவதை.

இப்படிப் பிரித்துவைத்ததில் வெள்ளைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய எழும்பூர் அரசு கவின்கலைக் கல்லூரி. அந்தக் காலத்து பிரிட்டிஷ் அரசு ஓவியப் படிப்பைக் கைவினைஞர்களின் தரத்தை உயர்த்தும் பயிற்சியாகத்தான் பெரிதும் பார்த்தது. கோட்டைப் பார்த்து அப்படியே கோடு போடு, ஜாடியைப் பார்த்து அப்படியே ஜாடி போடு. அந்த மரபின் வால் இன்னும் அறுபடவில்லை. ஓவிய ஆசிரியர் ஆக எழுத வேண்டிய அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் 'ஃப்ரீஹேண்ட் அவுட்லைன்', 'மாடல் டிராயிங்' என்ற பெயர்கள் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தன. அதே தேர்வு வரிசையில் கைத்தறி நெசவும் ஒரு பாடம்! இரண்டும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் தேர்வெழுதின, ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

பார்த்துக்கொண்ட சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. 1950களில் தொடங்கிய நெசவாளர் சேவை மையங்களில் நல்ல ஓவியர்கள் டிசைனர்களாக வேலைக்கு வந்தார்கள். கே.ஜி.சுப்ரமணியன் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் இருந்தார். வங்காள ஓவியர் ஜோகென் சௌத்ரி 1968 முதல் 1972 வரை சென்னையில் இந்த வேலையில்தான் இருந்தார். பிறகு அவர்கள் நாடறிந்த ஓவியர்கள் ஆனார்கள். தறியிலிருந்து கலைக்கும் கலையிலிருந்து தறிக்கும் பாதை இருக்கிறது. அது இதுவரை பெரியவர்களுக்கு, அதுவும் வெளியிலிருந்து வந்தவர்களுக்குத்தான் திறந்திருந்தது.

நெசவாளர் ஆகாத குழந்தைகளும் நெய்தார்கள்

கிண்டர்கார்டன் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர் ஜெர்மனியின் ஃபிரெடரிக் ஃப்ரோபெல். 1837இல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னக் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். அவர் வகுத்த கைவேலைகளில் தாள் மடிப்பும் இருந்தது, தாள் பின்னலும் இருந்தது. கலர்த் தாளை நீளநீளமாகக் கிழித்து, ஒன்றுக்கு மேல் ஒன்று கீழ் என்று பாய் மாதிரி பின்னுவது. அந்தக் குழந்தைகள் யாரையும் நெசவாளர் ஆக்குவது ஃப்ரோபெலின் நோக்கமில்லை. மேல், கீழ், மாற்றி மாற்றி என்ற ஒழுங்கைக் கை வழியாக மூளைக்கு ஏற்றுவதுதான் நோக்கம். பின்னாளில் உலகம் கொண்டாடிய அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட், சிறுவயதில் ஃப்ரோபெல் கட்டைகளை வைத்து விளையாடியது தன் கையில் கடைசி வரை இருந்ததாக எழுதியிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தாள் பின்னல் ஆங்கில மீடியம் எல்கேஜியில் 'ஆக்டிவிட்டி' என்ற பெயரில் நடக்கிறது, பெற்றோர் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். அதையே ஆரணியில் நெசவாளர் வீட்டுக் குழந்தைக்குக் கொடுத்தால்தான் அது சந்தேகத்துக்குரியதாகிறது.

நம்ம ஊரிலும் தடம் இல்லாமல் இல்லை. சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத், 1944இல் காந்தியின் சேவாகிராமப் பள்ளிக்கு ஓவிய ஆசிரியராகப் போனார். காந்தியின் ஆதாரக் கல்வியில் கைத்தொழில்தான் மையம். பள்ளிச் செலவைப் பிள்ளைகளின் கைத்தொழிலே ஈடுகட்டும் என்ற எதிர்பார்ப்பும் அதில் இருந்தது. அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டு தேவி பிரசாத் வேறு ஒன்றைச் செய்தார். குழந்தைகளை அவர்கள் பார்த்ததை, நினைத்ததை வரைய விட்டார். அந்த அனுபவத்தில் எழுதிய புத்தகத்துக்கு ஆங்கிலத்தில் அவர் வைத்த தலைப்பின் பொருள் 'கலையே கல்வியின் அடித்தளம்'. விற்கும் பொருள் செய்ய வைப்பதற்கும் வரைய விடுவதற்கும் உள்ள தூரம் அவருக்கு ஒரே வளாகத்தில் தினமும் கண்ணில் பட்டிருக்கும்.

குலக்கல்வியா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். ஆரணியில் ஒரு வகுப்பில் நெசவாளர் மகளும், அரிசி ஆலைத் தொழிலாளி மகனும், பேங்க் ஊழியர் மகளும் இருக்கிறார்கள். மூன்று பேரும் அதே தாளில் அதே வேலையைச் செய்கிறார்களா? செய்தால் அது ஓவிய வகுப்பு. நெசவாளர் மகளுக்கு மட்டும் தறி, பேங்க் ஊழியர் மகளுக்குக் கோடிங் என்று பிரிந்தால் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது குலக்கல்வி. இன்னொரு நிபந்தனையும் சேர்க்கலாம். குழந்தை தறிக்குப் போகக் கூடாது, தறிதான் பள்ளிக்கு வர வேண்டும். படமாக, நூல் துண்டாக, பழைய அட்டையாக. குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகு குழந்தை 'உதவலாம்' என்று 2016ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டத் திருத்தம் ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கும் காலத்தில், இந்த நிபந்தனை சும்மா பேச்சுக்கு இல்லை.

அந்த வகுப்பில் என்னதான் நடக்கும்?

ஒன்றாம் வகுப்பில் தாள் பின்னல். பழைய காலண்டர் தாள் போதும். ஒன்று மேல் ஒன்று கீழ் என்று பின்னினால் சதுரங்கப் பலகை வரும். இரண்டு மேல் இரண்டு கீழ் என்று போட்டு, ஒவ்வொரு வரியிலும் ஒரு படி தள்ளினால் சாய்ந்த கோடு வரும். "இன்னும் வேற மாதிரி போடலாமா மிஸ்?" என்று ஒரு குழந்தை கேட்டால் வகுப்பு வெற்றி. நீலத் தாளைக் குறுக்கிலும் பச்சைத் தாளை நெடுக்கிலும் வைத்துப் பொடிசாகப் பின்னி, கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கச் சொன்னால் இன்னொரு விஷயம் பிடிபடும். கல்யாண வீட்டில் எல்லோரும் சொல்லும் 'மயில் கழுத்து' கலர் ஒரே சாயத்தில் வருவதில்லை. ஒரு நிறப் பாவும் வேறு நிற ஊடையும் குறுக்கே போகும்போது கண்ணுக்குள் உண்டாகும் நிறம் அது.

மூன்றாம் வகுப்பில் கட்டம். பத்துக்குப் பத்து கட்டத்துக்குள் ஒரு மாங்காயை வைக்க வேண்டும். மாங்காயின் முதுகு வளைவு, கட்டத்தில் வளைவே கிடையாது. குழந்தை முதலில் திணறும், பிறகு படிக்கட்டு மாதிரி கட்டங்களை நிரப்பினால் தூரத்தில் வளைவாகத் தெரியும் என்று கண்டுபிடிக்கும். இதைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, கண்டுபிடிக்க விட வேண்டும். அடுத்து ஒரு பூ. இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பத்துக் கட்டத்தில் நடுவில் தண்டு வைக்க இடம் இருக்காது, ஒன்பதிலோ பதினொன்றிலோதான் இருக்கும். ஒற்றைப்படை எண்ணுக்கு நடு உண்டு, இரட்டைப்படைக்கு நடு இல்லை. கணக்கு டீச்சர் போர்டில் எழுதிப்போடும் ஒற்றை, இரட்டை இங்கே ஒரு தண்டுக்கு இடம் தேடும்போது மண்டையில் ஏறும்.

இதற்குத் தறி வீட்டில் பிறந்திருக்க வேண்டியதில்லை. ஆரணியின் எல்லாத் தெரு வாசலிலும் காலையில் புள்ளி வைக்கிறார்களே, அதுவும் இந்தக் கணக்குதான். 1970களில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் இருந்தவர்களும் கோலங்களை எடுத்துக்கொண்டு, சில அடிப்படைத் துண்டுகளும் விதிகளும் இருந்தால் எவ்வளவு பெரிய கோலத்தையும் கணினிக்குச் சொல்லிவிடலாம் என்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார்கள். வாசலில் பாட்டி போடுவது பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் ஆனது. பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் அது மார்கழிப் போட்டியாக மட்டும் இருக்கிறது.

ஐந்தாம் வகுப்பில் ஒரு நெசவாளரை வகுப்புக்கு அழைக்கலாம். நெய்து காட்ட இல்லை. ஒரு முந்தானையை விரித்து வைத்துவிட்டு, பிள்ளைகள் கேள்வி கேட்க. இந்தக் கரைக்கு ஏன் இந்தக் கலர்? இதை யார் முடிவு பண்ணினது? பிடிக்கலைன்னா மாத்தலாமா? இதுக்கு எவ்வளவு கூலி, கடையில எவ்வளவு விலை? கடைசிக் கேள்வி ஓவிய வகுப்பில் வரக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. தன் அப்பா வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீச்சருக்கே விளக்கம் சொல்வதைப் பார்க்கும் குழந்தைக்கு அன்று நடப்பது பாடத்திட்டத்தில் எந்தத் தலைப்பிலும் வராது.

"முதல்ல படிக்கத் தெரியட்டும்"

எதிர்க்கட்சி வாதம் லேசானதில்லை. ஏசர் 2022 ஆய்வில் கிராமப்புறத் தமிழ்நாட்டின் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்ததன் விளைவு, 2024 ஆய்வில் கொஞ்சம் ஏறியிருக்கிறது. இந்த நேரத்தில் ஓவியமா என்று ஒரு தலைமையாசிரியர் கேட்டால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டு ஆசிரியர் பள்ளியில் 'கூடுதல்' எதுவாக இருந்தாலும் அது சுமைதான்.

ஆனால் ஓவியத்தைக் கூடுதல் பாடமாகவே நினைப்பதால் வரும் கணக்கு இது. ஆறு வயதில் எழுத்தே ஒரு ஓவியம்தான். 'ண' போட மூன்று சுழி சுற்றும் விரல், முதலில் சுழியை வேண்டிய மட்டும் கிறுக்கிப் பழகியிருக்க வேண்டும். கட்டத்தில் பூ வைப்பதைக் கணக்குப் பீரியடிலேயே செய்யலாம், தனிப் பீரியட் வேண்டாம். வரைந்த படத்தைப் பற்றி நாலு வரி சொல்லச் சொன்னால் அது தமிழ்ப் பீரியட். ஆசிரியருக்கு இதற்கு ஓவியம் வரையத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. யானையைப் போர்டில் அழகாகப் போட்டுக் காட்டும் டீச்சரைவிட, போடத் தெரியாத டீச்சர் ஒருவகையில் நல்லது, பார்த்து எழுத ஒன்றும் இருக்காது. அவருக்குத் தேவை எதைக் கொடுப்பது, எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்ற பழக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் கீழ்பெண்ணாத்தூரில் இருக்கிறது. ஆரணி, தேவிகாபுரம் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு நாள் இதற்கென ஒதுக்குவதும், ஓவியத்துக்கான பகுதிநேர ஆசிரியர்களின் வேலை எல்லையை ஐந்தாம் வகுப்பு வரை நீட்டி அதற்கேற்ற சம்பளம் கொடுப்பதும் சட்டமன்றம் கூடித் தீர்மானிக்க வேண்டிய அளவுக்குப் பெரிய காரியமில்லை.

"நாளைக்கு இந்தப் பிள்ளைங்க டிசைனர் ஆவாங்க, ஆரணிப் பட்டு நிமிரும்" என்று இந்த யோசனைக்கு விளம்பரம் எழுதுவது ரொம்ப சுலபம். அதை எழுதாமல் இருப்பதுதான் நல்லது. பட்டு நிமிர வேண்டும் என்பது ஐந்தாம் வகுப்புக் குழந்தையின் பொறுப்பு இல்லை. விசைத்தறி, கோரா விலை, ஜரிகை விலை, கூலி எல்லாவற்றுக்கும் பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டும். குழந்தை பெரியவளாகி நர்ஸ் ஆகலாம், டிரைவர் ஆகலாம், தறிப்பக்கமே வராமல் போகலாம். வகுப்பு வீணாகிவிடாது.

செலவு? அரசு கொடுக்கும் கலர் பென்சில் பையில் இருக்கிறது. பழைய காலண்டர் எல்லா வீட்டிலும் தொங்குகிறது. நூல் துண்டு ஆரணித் தெருவில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இல்லை. கிராஃப் தாளுக்கு எங்கே போவது என்றால், கணக்குப் பாடத்துக்கு வாங்கும் கட்டம் போட்ட நோட்டு ஏற்கெனவே அந்தப் பையில்தான் கிடக்கிறது. இதுவரை ஒரு கட்டத்துக்கு ஒரு எண் என்று மட்டும் அதில் எழுதிவருகிறார்கள்.